கத்தரிக்காய் ருசியில் பஞ்சத்தைக் கண்ட விவசாயி

ஜப்பான் நாட்டில் பல பள்ளிக்கூடங்களின் முற்றத்தில் ஒரு சிறுவன் சிலை உண்டு.

முதுகிலே விறகுக் கட்டு. கையிலே புத்தகம். நடந்துகொண்டே படிக்கிறான் அந்தப் பையன்.

அவன் பெயர் நினோமியா கின்ஜிரோ. குடியானவன் வீட்டுப் பிள்ளை. பெரியவர் ஆனபிறகு அவருக்குச் சொன்டோகு என்று பெயர் விளங்கிற்று. 1946-ம் ஆண்டில் ஜப்பானில் வெளியான ஒரு யென் நோட்டில் அவருடைய படத்தை அச்சிட்டார்கள்.

விறகு சுமந்த பையனின் கதை அந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் செய்த பெரிய காரியம் அதற்குப் பிறகு நடந்தது. பருவம் தவறப்போகிறது என்பதை முன்கூட்டி உணர்ந்தார். தம் பொறுப்பில் இருந்த கிராமங்களைப் பட்டினிச் சாவிலிருந்து காப்பாற்றினார்.

அவர் சோதிடர் அல்லர். மந்திரம் கற்றவரும் அல்லர். அவர் ஒரு விவசாயி.

ஆறு அழித்த குடும்பம்

சொன்டோகு 1787-ம் ஆண்டில் பிறந்தார். ஊர் கயாமா. இன்றைய டோக்கியோவுக்குத் தென்மேற்கே, ஒடவாரா நகரத்தை அடுத்த கிராமம் அது.

அவர் பிறந்த காலமே பஞ்ச காலம். டென்மெய் பஞ்சம் என்று அதற்குப் பெயர். கோடையில் வெயில் இல்லை, குளிர் அடித்தது. 1783-ம் ஆண்டில் அசாமா எரிமலை வெடித்துச் சாம்பலைக் கொட்டியது. நாடெங்கும் மக்கள் மடிந்தார்கள்.

சொன்டோகுவின் தந்தை ஓரளவு வசதி உள்ளவர். கேட்டவர்களுக்கு இல்லை என்னாமல் கொடுத்தவர். அவருடைய நிலம் சகாவா ஆற்றின் கரைச் சமவெளியில் இருந்தது.

அந்த ஆற்றுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1707-ம் ஆண்டில் ஃபியூஜி மலை வெடித்தது. அதன் சாம்பலும் மணலும் ஆற்றில் இறங்கின. ஆற்றின் படுகை மேடாகிவிட்டது. அதன் பிறகு கொஞ்சம் கனத்த மழை பெய்தாலும் கரை உடைந்தது.

1791-ம் ஆண்டில் அப்படி ஒரு வெள்ளம் வந்தது. சொன்டோகுவின் வீட்டு வயல்கள் மண்ணும் கல்லுமாகப் போயின. அப்போது அவனுக்கு நாலு வயது.

தந்தை நோயில் விழுந்தார். 1800-ம் ஆண்டில் இறந்தார். 1802-ம் ஆண்டில் தாயும் இறந்தாள். பதினைந்து வயது நிரம்பும் முன்பே மூத்த பிள்ளை அநாதை ஆனான். தம்பிகள் இருவரும் தாய் வழி உறவினர் வீட்டுக்குப் போனார்கள். அவன் தந்தை வழி உறவினர் ஒருவர் வீட்டில் அடைக்கலம் புகுந்தான்.

எறிந்த நாற்று

அந்த வீட்டில் பகலெல்லாம் வேலை. இரவிலே விளக்கு வைத்துப் படிப்பான். வீட்டுப் பெரியவருக்கு அது பிடிக்கவில்லை. எண்ணெய் செலவாகிறது என்று கடிந்துகொண்டார்.

பையன் மறுபேச்சு பேசவில்லை. ஆற்றோரம் வெறுமனே கிடந்த இடத்தில் எண்ணெய் வித்துச் செடியைப் பயிரிட்டான். கடுகு இனத்தைச் சேர்ந்த செடி அது. விளைந்த வித்தைக் கொடுத்து விளக்கு எண்ணெய் வாங்கிக்கொண்டான்.

நடவு முடிந்தபின் வேண்டாம் என்று எறிந்த நாற்றுகள் வழியோரம் கிடந்தன. அவற்றைப் பொறுக்கினான். வெள்ளத்தில் பாழான ஒரு பள்ளத்தில் நட்டான். அறுவடையில் ஒரு மூட்டை கிடைத்தது.

இதில் இரண்டு பாடங்களை அவன் கற்றான்.

சிறு துளிகள் சேர்ந்தால் பெரிதாகும் என்பது ஒன்று. மற்றொன்று வரியைப் பற்றியது. நல்ல நிலத்தில் விளைந்ததில் பெரும் பங்கு பிரபுவுக்கு வரியாகப் போய்விடும். பாழ் நிலத்தைத் திருத்தினால் சில ஆண்டுகளுக்கு வரி கிடையாது. விளைந்தது முழுவதும் உழுதவனுக்கே மிஞ்சும்.

வரி போக மிஞ்சினால்தான் விவசாயி நாளைக்கு என்று சேர்த்து வைக்க முடியும். இந்த உண்மையை அவன் கடைசிவரை மறக்கவில்லை.

இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பரம்பரை நிலத்தை மீட்டான். வீட்டைத் திரும்பக் கட்டினான். இருபத்து நாலு வயதுக்குள் ஊரில் நல்ல நிலை பெற்ற விவசாயி ஆனான்.

பாழடைந்த மூன்று கிராமங்கள்

ஒடவாராவில் ஒரு பெரிய உத்தியோகஸ்தர் குடும்பம் கடனில் மூழ்கிக் கிடந்தது. அதை நிமிர்த்தும் பொறுப்பு சொன்டோகுவிடம் வந்தது. வரவுக்குள் செலவை அடக்கிக் கடனைத் தீர்த்துக் கொடுத்தார். அந்தப் பெயர் பிரபுவின் காதுக்கு எட்டியது.

ஒடவாராவின் பிரபு ஒகுபோ டடசானே. அவருடைய கிளைக் குடும்பம் ஒன்றுக்கு வடக்கே சகுராமாச்சி என்ற ஜாகீர் இருந்தது. 3 கிராமங்கள் கொண்டது. அங்கே ஒரு காலத்தில் 400-க்கு மேற்பட்ட வீடுகள் இருந்தன. 1822-ம் ஆண்டில் மிஞ்சியவை 156.

பஞ்சத்தில் இறந்தவர் போக, வரி கட்ட முடியாமல் ஓடிப்போனவர்கள் பலர். வயல்களில் புல் மண்டிக் கிடந்தது. 3,000 மூட்டைக்கு மேல் வரி கொடுத்த பூமி 1,000 மூட்டைக்குத் தள்ளாடியது.

அதைச் சீர்படுத்தச் சொன்டோகுவை அனுப்பினார் பிரபு. ஒரு குடியானவனை இந்த வேலைக்கு வைப்பது அந்தக் காலத்தில் புதுமை.

சொன்டோகு தம் வீட்டையும் நிலத்தையும் விற்றார். 1823-ம் ஆண்டில் மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு சகுராமாச்சிக்குக் குடி போனார். பாடுபட்டு மீட்ட பரம்பரைச் சொத்து அது. திரும்பி வர வீடு இல்லை என்ற நிலையில்தான் அவர் வேலையைத் தொடங்கினார்.

பழைய கணக்கு

முதலில் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார். வயல் வயலாக அலைந்தார். பிறகு பழைய வரிக் கணக்குகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எந்த ஆண்டு என்ன விளைந்தது என்று எழுதிக்கொண்டார்.

நல்ல ஆண்டும் உண்டு, கெட்ட ஆண்டும் உண்டு. இரண்டையும் கூட்டிச் சராசரி பார்த்தார். அந்தப் பூமியால் உண்மையில் கொடுக்க முடிந்தது ஆண்டுக்குச் சுமார் 1,000 மூட்டைதான்.

ஆகவே அவர் ஒரு நிபந்தனை வைத்தார். ஜாகீர்தாரர் 10 ஆண்டுகளுக்கு அந்த 1,000 மூட்டையில் குடும்பம் நடத்த வேண்டும். அதற்கு மேல் விளைந்தால் அது கிராமத்துக்கே. கால்வாய் வெட்ட, பாழ் நிலம் திருத்த, வட்டி இல்லாக் கடன் கொடுக்க அது உதவும்.

செலவுக்கு எல்லை கட்டும் இந்த முறைக்கு ஜப்பானிய மொழியில் புன்டோ என்று பெயர். உழவன் மட்டும் வயிற்றைக் கட்டினால் போதாது. பிரபுவும் கட்ட வேண்டும் என்பது இதன் உட்பொருள்.

எதிர்ப்பு

எதிர்ப்பு வராமல் இருக்குமா? உடன் வந்த உத்தியோகஸ்தர்களுக்கு ஒரு குடியானவன் சொல்லுக்குக் கட்டுப்பட மனம் இல்லை. கிராமத்திலும் சிலர் முணுமுணுத்தார்கள்.

நன்றாக உழைப்பவர் யார் என்று ஊராரையே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கச் செய்தார் சொன்டோகு. தேர்ந்தெடுத்தவருக்கு மண்வெட்டியும் அரிவாளும் பரிசு. ஆனாலும் புகைச்சல் அடங்கவில்லை.

1829-ம் ஆண்டில் அவர் யாரிடமும் சொல்லாமல் மறைந்துவிட்டார். நரிட்டா என்ற ஊரில் உள்ள புத்தர் கோவிலில் 21 நாள் உண்ணாவிரதம் இருந்தார். அவர் இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்பதைக் கிராமத்தார் அப்போதுதான் உணர்ந்தார்கள். அவர் திரும்பி வந்தபோது எதிர்ப்புத் தணிந்தது. விளைச்சலும் ஏறத் தொடங்கியது.

கத்தரிக்காயின் ருசி

1833-ம் ஆண்டு. கோடை தொடங்கிய சமயம்.

ஒருநாள் சொன்டோகு கத்தரிக்காய் சாப்பிட்டார். வாயில் வைத்ததும் திடுக்கிட்டார். ருசி மாறி இருந்தது. அது கோடையின் முதல் காய். ஆனால் இலையுதிர் காலத்தின் கடைசிக் காய்போல் இருந்தது.

அவருடைய சீடர் டொமிட்டா எழுதிவைத்த வாழ்க்கை வரலாற்றில் இந்தச் செய்தி இருக்கிறது.

சொன்டோகு அதோடு நிற்கவில்லை. வயலுக்குப் போனார். மண்ணைப் பார்த்தார். புல்லையும் பயிரையும் பார்த்தார். வளர வேண்டிய வேகத்தில் அவை வளரவில்லை. இந்த ஆண்டு வெயில் இருக்காது, நெல் விளையாது என்று முடிவுக்கு வந்தார்.

கத்தரி சூட்டை விரும்பும் செடி. மண்ணும் காற்றும் குளிர்ந்தால் அதன் வளர்ச்சி தடைப்படும். நெல்லும் அப்படித்தான். கதிர் வெளியே தெரியாமல் பொதியில் இருக்கும் பருவம் மிக நுட்பமான பருவம். அப்போது சில நாட்கள் கடுங்குளிர் அடித்தால் மகரந்தம் கெட்டுவிடும். பயிர் பச்சையாகவே நிற்கும். கதிரும் வரும். ஆனால் உள்ளே அரிசி இராது; அத்தனையும் பதர்.

நெல் பதராகப் போவது கதிர் வந்த பிறகுதான் தெரியும். அப்போது வேறு பயிர் வைக்க நாள் இருக்காது. கத்தரிக்காய் அதற்கு முன்பே செய்தி சொல்லிவிட்டது.

கால் ஏக்கர் குதிரைவாலி

சொன்டோகு கிராமத்தாரைக் கூட்டினார். ஒவ்வொரு வீட்டாரும் கால் ஏக்கர் அளவுக்கு ஹியே என்ற தானியத்தை விதைக்க வேண்டும் என்று உத்தரவிட்டார்.

ஹியே என்பது நம் ஊர்க் குதிரைவாலிக்கு நெருங்கிய உறவு. குளிரைத் தாங்கும். மட்டமான நிலத்திலும் விளையும். உலர்த்தி வைத்தால் பல ஆண்டுகள் கெடாது. ஆனால் அரிசி உண்ண ஆசைப்படும் ஊரில் அதற்கு மதிப்பு இல்லை. அது ஏழையின் உணவு.

கிராமத்தார் தங்களுக்குள் சிரித்தார்கள். எவ்வளவு படித்தவரானாலும் அந்த ஆண்டின் விளைச்சலை எப்படி அறிவார் என்று பேசிக்கொண்டார்கள். அத்தனை வீட்டிலும் குதிரைவாலி விளைந்தால் அதை எங்கே கொட்டுவது என்றும் கேட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. சிறிய நிலம் உள்ளவனுக்கு நெல்லை விட்டுவிட்டு வேறு விதைப்பது விளையாட்டு அல்ல. வரி கொடுக்க வேண்டுமே!

சொன்டோகு அதற்கும் வழி செய்திருந்தார். அந்தக் கால் ஏக்கருக்கு வரி இல்லை என்று அறிவித்தார். பேச்சு ஓய்ந்தது. அரை மனத்தோடு விதைத்தார்கள்.

வெயில் வராத கோடை

கோடை வந்தது. வெயில் வரவில்லை. மழை விடாமல் பெய்தது. குளிர்காற்று வீசியது. அந்த வட்டாரம் முழுவதும் நெல் பொய்த்தது.

இதுதான் டென்போ பஞ்சத்தின் தொடக்கம். 1833 முதல் சில ஆண்டுகள் அது ஜப்பானை வாட்டியது.

சகுராமாச்சியிலோ குதிரைவாலி கைகொடுத்தது. சிரித்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

அதன் பிறகு நிலைமை சற்றுத் தேறியது. ஆபத்து நீங்கியது என்று பலர் நினைத்தார்கள். சொன்டோகு அப்படி நினைக்கவில்லை. பெரும் பஞ்சம் வந்து ஏறத்தாழ 50 ஆண்டு ஆகிவிட்டது. வந்தது மறுபடியும் வரும் என்று கணக்குப் போட்டார். பஞ்சம் 50 ஆண்டுக்கு ஒரு முறை வரும் என்று இயற்கையில் விதி ஏதும் இல்லை. ஆனால் பழைய துன்பத்தை அவர் மறக்கவில்லை என்பதுதான் இதில் முக்கியம். வரி விலக்கோடு குதிரைவாலி சாகுபடியைத் தொடரச் செய்தார். வீட்டுக்கு வீடு தானியம் சேர்ந்தது.

1836-ம் ஆண்டில் பேரிடி விழுந்தது. கோடை முழுவதும் குளிர். வடகிழக்கு ஜப்பானில் பல இடங்களில் நெல் அடியோடு போயிற்று. பட்டினியாலும் நோயாலும் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள்.

சொன்டோகு மறுபடியும் வயலில் இறங்கினார். வானத்தின் நிறம் கோடையிலேயே மாறியதைக் கண்டதும் காலி இடங்களில் எல்லாம் விதைக்கச் சொன்னார். வளர்ந்து நின்ற பருத்தியையும் அழிக்கச் செய்து, விரைவில் பலன் தரும் முள்ளங்கியும் கிழங்கும் போடச் செய்ததாக மற்றொரு சீடரின் நூல் கூறுகிறது. பிறகு வீட்டுக்கு வீடு கணக்கெடுத்தார். தலைக்கு இவ்வளவு தானியம் வேண்டும் என்று கண்டு, குறைந்த வீட்டுக்கு நிரப்பிக் கொடுத்தார்.

சுற்று வட்டாரத்தில் பிணம் விழுந்தபோது சகுராமாச்சியில் பட்டினிச் சாவு இல்லை. அது மட்டும் அல்ல. பக்கத்தில் இருந்த கராசுயாமா என்ற சமஸ்தானத்து மக்களுக்கும் இங்கிருந்து தானியம் போயிற்று.

களஞ்சியக் கதவு

1837-ம் ஆண்டின் தொடக்கத்தில் நாடே கொதித்தது. ஒசாகா நகரத்தில், ஓய்வுபெற்ற ஓர் அதிகாரியே ஏழைகளுக்காகக் கலகம் செய்தார்.

பிரபு டடசானே அப்போது நோயுற்றிருந்தார். சொந்த ஊரான ஒடவாராவைக் காப்பாற்றச் சொல்லிச் சொன்டோகுவை அனுப்பினார்.

ஒடவாராவின் களஞ்சியத்தில் அரிசி இருந்தது. ஆனால் திறக்க அதிகாரிகள் தயங்கினார்கள். எழுத்து மூலம் உத்தரவு வரட்டும் என்றார்கள். பேச்சு நீண்டது. சாப்பாட்டு வேளையும் வந்தது.

மக்கள் பசியால் துடிக்கும்போது நாம் உண்பது முறை அல்ல. முடிவு ஏற்படும்வரை இங்கே யாரும் சாப்பிடக் கூடாது என்று வாதாடினார் சொன்டோகு. தாமும் உணவைத் தொடவில்லை. பசி வந்ததும் பெரியவர்களுக்குப் புத்தியும் வந்தது. கதவு திறந்தது.

அந்த உதவியால் 40 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் உயிர் பிழைத்தார்கள் என்று டொமிட்டாவின் நூல் சொல்கிறது. பிரபு டடசானே அதே ஆண்டில் காலமானார்.

பிறகு நாட்டை ஆண்ட ஷோகன் அரசாங்கமே சொன்டோகுவை வேலைக்கு அழைத்தது. 1853-ம் ஆண்டில் நிக்கோ பகுதிக் கிராமங்களைச் சீர்படுத்தும் பணியை ஏற்றார். அந்தப் பணி முடிவதற்குள் 1856-ம் ஆண்டில் இமாயிச்சி என்ற ஊரில் கண் மூடினார்.

எப்படிப் பலித்தது?

கத்தரிக்காயைச் சாப்பிட்டு வானிலையைச் சொன்னது பெரிய திறமைதான். ஆனால் அதைவிடப் பெரியது வேறு ஒன்று.

அந்த ஆண்டில் நல்ல வெயில் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கால் ஏக்கர் வரி போயிருக்கும். கொஞ்சம் குதிரைவாலி மீந்து கிடந்திருக்கும். ஊரார் சிரித்திருப்பார்கள். அவ்வளவுதான் நஷ்டம்.

விதைக்காமல் விட்டு, வெயிலும் பொய்த்திருந்தால்? அந்த நஷ்டத்தை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது.

சொன்டோகு போட்ட கணக்கு இதுதான். தவறினாலும் தாங்கக்கூடிய ஏற்பாட்டை அவர் செய்தார். அதன் செலவை ஏழை விவசாயியின் தலையில் கட்டவில்லை. வரியைத் தள்ளிக் கொடுத்தார்.

அந்தக் காலத்தில் மேகத்தையும் புல்லையும் பார்த்துப் பருவம் சொல்லக்கூடிய கிழவர்கள் எல்லாக் கிராமத்திலும் இருந்திருப்பார்கள். ஆனால் அடையாளம் தெரிந்தும் வரிக்குப் பயந்து நெல்லையே நட்டவன் என்ன செய்வான்? காண்பதற்குக் கண் வேண்டும். கண்டதைச் செய்வதற்குக் கையில் கொஞ்சம் இடம் வேண்டும். அந்த இடத்தைச் சொன்டோகு ஏற்படுத்திக் கொடுத்தார்.

பிற்காலத்துப் பள்ளிப் பாடங்களில் விறகு சுமந்த பையனின் உழைப்பே பெரிதாகப் பேசப்பட்டது. பிரபுவின் செலவுக்கு எல்லை கட்டிய பெரியவரின் கதை அந்த அளவுக்குப் பரவவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அவருடைய வெண்கலச் சிலைகள் பலவற்றை உலோகத்துக்காக உருக்கிவிட்டார்கள். கல் சிலைகள் நின்றன.

மாறிவரும் வானம்

1993-ம் ஆண்டில் ஜப்பானில் மறுபடியும் ஒரு குளிர் கோடை வந்தது. நெல் விளைச்சல் வழக்கத்தில் முக்கால் பங்காகக் குறைந்தது. ஆனால் தாய்லாந்து முதலிய நாடுகளிலிருந்து அரிசி வந்தது. பட்டினி இல்லை.

அதன் பிறகு ஆபத்து எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. 2023-ம் ஆண்டின் கோடை, 1898-ம் ஆண்டு முதல் உள்ள கணக்கில் அதுவரை காணாத வெப்பக் கோடை. குளிரால் பதரான நெல், இப்போது சூட்டால் கெட்டது. நீகாட்டா மாகாணத்தில் விளையும் கோஷிஹிகாரி என்ற பேர்பெற்ற அரிசி வெளுத்து உடைந்தது. முதல் தரம் என்று தேறியது மிகக் கொஞ்சம்.

அங்குள்ள விவசாயிகள் நடவு நாளை மாற்றிப் பார்க்கிறார்கள். சூட்டைத் தாங்கும் புதிய ரகங்களை விதைக்கிறார்கள். வயலில் நீரை ஓடவிட்டு வேரைக் குளிர வைக்கிறார்கள்.

இன்று வானிலை சொல்ல விண்வெளியில் கருவிகள் இருக்கின்றன. பழகிய ரகத்தை விட்டுப் புதியதை விதைப்பவனுக்கு அவை செய்தி சொல்லும்; நஷ்டத்தில் பங்கு கொள்ளா. அந்தப் பங்கை யார் ஏற்பது என்ற கேள்விக்குச் சகுராமாச்சியில் 1833-ம் ஆண்டிலேயே ஒரு பதில் கிடைத்தது. அந்தப் பதில், வரி இல்லாத கால் ஏக்கர் குதிரைவாலி.